வீட்டுக்கு உயில், மனைக்கு செட்டில்மென்ட்

சொந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், பத்திர எழுத்தர் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை ஒரே பதில்தான்: "உயில்னா கோர்ட்டு கேஸுன்னு இழுக்கும் சார், செட்டில்மென்ட் போட்டுடுங்க." செட்டில்மென்ட் என்றால் நாம் இருக்கும்போதே சொத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிடும் பத்திரம்; உயில் நாம் போன பிறகுதான் நடைமுறைக்கு வரும். நான் வீட்டுக்கு உயில்தான் எழுதினேன்.

வரிக்காக அல்ல. இறந்தவர் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் டியூட்டி 1985-லேயே ஒழிந்துவிட்டது, தானத்துக்குப் போட்ட கிஃப்ட் டாக்ஸ் 1998-ல் போய்விட்டது. செட்டில்மென்டாக வந்தாலும் உயில் வழியாக வந்தாலும் வாங்கும் பிள்ளைக்கு வருமான வரி கிடையாது. பின்னால் விற்றால் வரும் மூலதன ஆதாய வரிக்கும் ஒரே கணக்குதான். நாம் வாங்கிய விலையும் நாம் வைத்திருந்த காலமும் பிள்ளைக்குச் சேரும். மனைவி பெயருக்கோ மருமகள் பெயருக்கோ தானமாகக் கொடுத்தால் மட்டும் உஷார்: அதில் வரும் வாடகையை நம் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள்.

செலவிலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. 80 லட்ச ரூபாய் வீடானாலும் 50,000-ல் முடிந்துவிடும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. வெள்ளைத் தாளில் எழுதலாம், பதிவும் கட்டாயமில்லை.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: எழுதிய பிறகு மனம் மாறினால் என்ன செய்ய முடியும்? உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மென்டில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையும் ஏற்றுக்கொண்டால் வீடு அன்றே கைமாறிவிட்டது. நாம் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் போட முடியாது.

பிள்ளை கைவிட்டால் என்ற பயம் மட்டும் இல்லை இது. நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். வியாபாரத்தில் நொடித்தால் கடன்காரன் வந்து நிற்பது நம் வாசலில். விதிவசத்தில் அவன் நமக்கு முன் போய்விட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில், அதாவது சொத்து முதலில் போய்ச் சேருபவர்களில், தாய், மனைவி, பிள்ளைகள் உண்டு, தகப்பன் இல்லை. அவர்களில் ஒருவர் இருந்தாலும், தானே கட்டி மகனுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் அப்பனுக்கு ஒரு செங்கல்கூடப் பாத்தியம் கிடையாது.

"ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள்" என்பார்கள். நல்ல யோசனைதான், யாரும் வெளியே தள்ள முடியாது. ஆனால் கூரை நிற்குமே தவிரக் காசு புரளாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ பிள்ளை கையெழுத்து வேண்டும்.

மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறதே என்பார்கள். பராமரிப்பதாக நிபந்தனை போட்டு எழுதிக்கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க அதன் 23-ஆம் பிரிவில் வழி உண்டு. நீதிமன்றங்களும் பெரியவர்கள் பக்கம் சாய்ந்துதான் வருகின்றன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு வீட்டை மீட்டுக் கொடுத்தது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நாகப்பட்டினம் வழக்கில், அன்பினால் எழுதிக்கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. இருந்தாலும் எழுபத்தைந்து வயதில் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் படியேறுவதை நான் ஒரு ஏற்பாடாக நினைக்கவில்லை.

இன்னொரு சௌகரியமும் உண்டு. பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது; எழுதியவர் இருக்கும்வரை நகலும் மற்றவர்களுக்குக் கிடைக்காது. தீபாவளிக்குக் கூடும்போது யாருக்கு எவ்வளவு என்ற பேச்சே எழாது.

உயிலின் பலவீனம் சாட்சியில் இருக்கிறது. குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். தகராறு என்று வந்தால், உயில் பதிவானதாகவே இருந்தாலும், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதனால் என் வயதுக்காரர்களை விட்டுவிட்டு, எங்கள் டாக்டரையும் என்னைவிட மிகவும் இளையவரான முன்னாள் சக ஊழியர் ஒருவரையும் போட்டேன். இத்தனை செய்தும் இந்த உயில் தேறுமா என்பது நான் போன பிறகுதான் தெரியும். அதை நான் சான்றளிக்க முடியாது. நான் சொல்வது சுயசம்பாத்தியச் சொத்துக்கு மட்டும். பூர்வீகம் என்றால் கணக்கே வேறு. முஸ்லிம்களுக்கு உயில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செல்லும்.

மகளுக்கு மட்டும் ஒரு மனையை செட்டில்மென்ட் செய்தேன். அவள் அதில் வீடு கட்ட வேண்டும். தன் பெயரில் பத்திரம் இல்லாமல் பேங்க்கில் கடனுக்குப் போய் நிற்க முடியாது. எங்களுக்கு அந்த மனையை நம்பி எதுவும் இல்லை. அவளுக்கு மனை முன்பே கொடுத்தாயிற்று, அதனால் வீட்டில் மகனுக்குக் கூடுதல் பங்கு என்று உயிலிலேயே காரணத்தோடு எழுதினேன். ஒரு பிள்ளைக்குக் குறைத்துவிட்டு ஏன் என்று சொல்லாமல் விட்டால், உயிலைச் சந்தேகிக்க எதிர்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.