பேராதனையா, தோட்டப்புறமா: மலையகத்தில் மருத்துவ ஆய்வு நிதியை எங்கே செலவிடுவது?

மருத்துவ ஆய்வுக்கு ஒதுக்கப்படும் பணம், செலவாகும் ஊரில் சம்பளமாகவும் வீட்டு வாடகையாகவும் கடைக்காரரின் வருமானமாகவும் மாறுகிறது. இலங்கையின் மலையகத்துக்கு அத்தகைய நிதி வருமானால், அதைப் பேராதனையிலும் கண்டியிலும் உள்ள நிறுவனங்களில் குவிப்பதா, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டப்புறங்களில் கள ஆய்வாகப் பரப்புவதா என்பதே இங்கு ஒப்பிடப்படுகிறது.

முதல் தெரிவுக்கு வலுவான அடித்தளம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962 இல் தொடங்கியது. பல் மருத்துவ பீடமும் கண்டி தேசிய வைத்தியசாலையும் அருகிலேயே இருக்கின்றன. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் அங்கே இருப்பதால்தான் வெளிநாட்டு நிதியும் அங்கே வருகிறது. ஆனால் ஆய்வுகூடக் கருவிகளும் இரசாயனப் பொருட்களும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. அந்தப் பங்கு வந்த வழியே வெளியேறிவிடுகிறது. எஞ்சும் சம்பளப் பணம் கண்டி நகரத்தைச் சுற்றியே புழங்குகிறது.

2008 இல் பிரித்தானியாவில் வெளியான மதிப்பீடொன்று, இதயநோய் ஆய்வில் இடப்பட்ட ஒவ்வொரு பவுணும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 39 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்) பயன் தருவதாகக் கணித்தது. இதில் 9 பென்ஸ் நோயாளிகள் பெறும் உடல்நல ஆதாயம்; 30 பென்ஸ், ஆய்வு தூண்டும் தொழில் முதலீட்டால் தேசிய வருமானத்தில் சேர்வது. இந்தப் பிரிவினையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 30 பென்ஸ் கிடைக்க மருந்துத் தொழிற்சாலைகளும் கருவி நிறுவனங்களும் அருகில் இருக்க வேண்டும். மலையகத்தில் அவை அதிகம் இல்லாததால், இங்கு உறுதியாக எதிர்பார்க்கக்கூடியது உடல்நல ஆதாயமும் நேரடி வேலைவாய்ப்புமே. இவ்விரண்டும் நோய் இருக்கும் இடத்தோடு பிணைந்தவை.

எனினும் தோட்டத்துக்குள் ஆய்வு நடந்தாலே தோட்டத்துக்குப் பயன் வந்துவிடும் என்று கொள்ள முடியாது. டன்சினன், ஹாரோ தோட்டங்களில் 1970 முதல் 1985 வரை, நோர்வே அறிஞர் ஹரால்ட் லோ தலைமையிலான குழு 480 ஆண் தொழிலாளரின் ஈறுகளைத் தொடர்ந்து பரிசோதித்தது. வழமையான பல் சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்காதிருந்ததே அந்த ஆய்வின் அறிவியல் மதிப்புக்குக் காரணமாயிற்று. சுமார் 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு வளரவே இல்லை என்ற முடிவு உலகப் பாடநூல்களில் ஏறியது. அறிவு உலகத்துக்குச் சென்றது. அதைத் தந்தவர்கள் அதே லயன் வரிசை வீடுகளில், குறைந்த சம்பளத்திலேயே இருந்தார்கள்.

இதனருகே 1984 இல் வெளியான மற்றோர் இலங்கை ஆய்வை வைத்துப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேர் பயிற்சி பெற்று, 52 வாரங்களில் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்து, சுமார் 4 சதவீதத்தினரிடம் வாய்ப்புற்றோ அதன் முன்னறிகுறியோ எனச் சந்தேகிக்கத்தக்க மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் பரவலாக உள்ள மலையகத்தில் இதன் பொருளாதாரப் பொருள் தெளிவானது. வாய்ப்புற்று முற்றிய பின் கண்டிக்கு அலையும் பஸ் செலவு, கூடச் செல்பவரும் சேர்ந்து இழக்கும் நாட்சம்பளம், அறுவைச் சிகிச்சைக்கு அரசு செலவிடும் பணம் ஆகிய அனைத்தும் ஒரு சில நிமிடப் பரிசோதனையால் தவிர்க்கப்படக்கூடியவை. அத்துடன், பெற்ற பயிற்சி அந்தப் பணியாளர்களிடமே தங்குகிறது.

2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, தோட்டப்புறச் சிறுவரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் ஏறத்தாழ 32 சதவீதம். நாட்டின் சராசரி 17 சதவீதம். இக்குழந்தைகளின் எதிர்கால உழைப்புத் திறனே இப்பகுதியின் எதிர்கால வருமானம். 2024 இல் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலில் இருந்து விலகி, உயர்தரம் முடித்த பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். ஒரு கள ஆய்வு அவர்களில் இருபது பேரைத் தரவு சேகரிப்பாளராகவும் ஆய்வுகூட உதவியாளராகவும் அமர்த்தினால், அந்தச் சம்பளம் ஹட்டன், பண்டாரவளை போன்ற மலையக நகரங்களில் செலவாகும்.

கள ஆய்வின் பெரிய குறை அதன் ஆயுள்தான்: திட்டம் முடிந்ததும் வேலையும் முடிகிறது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி எதுவும் நகராது என்பதும் உண்மை.

ஆகவே பெரும்பங்கு தோட்டப்புறக் களத்துக்கும், மாதிரிகளைச் சோதிக்கவும் பயிற்றவும் தேவையான பங்கு மட்டும் பேராதனைக்கும் செல்வதையே நான் ஆதரிக்கிறேன். களப் பணியாளர்களைத் தோட்டங்களிலிருந்தே எடுப்பது, அவர்களின் பயிற்சிக்குப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வழங்குவது, நோய் கண்டவருக்குச் சிகிச்சைச் செலவை ஆய்வு நிதியிலேயே ஒதுக்குவது ஆகிய மூன்றும் நிதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.