ஃபெட் ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’: ட்யூஷன் வகுப்பில் ஓட்டிப் பார்த்தது

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். மின்புலத்துக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த பிறகுதான், அறிவியல் பாடங்களைத் திரையில் ஓட்டிப் பார்க்க உதவும் ஃபெட் (PhET) தளத்தில் மின்துகள்களை நகர்த்திப் பார்க்கும் ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’ சிமுலேஷனுக்கு வந்தேன். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் ஃபெட். காசு கிடையாது. பிரவுசரிலேயே ஓடும், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நாளிலும் ஓடும்.

சிவப்பு உருண்டை நேர் மின்துகள், நீலம் எதிர் மின்துகள், ஒவ்வொன்றும் 1 நானோ கூலூம். மஞ்சள் உருண்டைதான் சென்சார்; வைத்த இடத்தில் மின்புலம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அம்பு போட்டுக் காட்டும். ஒரு சிவப்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி சென்சாரை வைத்தால் சுமார் 9 வோல்ட்/மீட்டர். 2 மீட்டருக்கு இழுத்தால் கால் பங்காக இறங்கிவிடும்.

போன வாரம் ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் 2 மீட்டர் இடைவெளியில் வைத்து, “நட்டநடுவில் புலம் எவ்வளவு?” என்று கேட்டேன். “ஜீரோதான் சார், ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும்” என்றான் ஒருவன். சென்சாரை அவனையே வைக்கச் சொன்னேன். அம்பு நீலத்தைப் பார்த்து நீண்டது, அளவு சுமார் 18. பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “சிவப்பு தள்ளுது, நீலம் இழுக்குது, ரெண்டும் ஒரே பக்கம்தானே சார்” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அப்புறம் மின்னழுத்தம் காட்டும் கருவியை அதே இடத்துக்கு நகர்த்தினோம்: 0 வோல்ட். பென்சில் பொத்தானைத் தொட்டதும் இரண்டுக்கும் நடுவே சம மின்னழுத்தக் கோடு நேராக விழுந்தது. அழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில் புலமும் சுழியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

குறையும் உண்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் மின்புலக் கோடுகள் இதில் வராது, திரை முழுக்க அம்புகள்தான். புலம் குறையும் இடத்தில் அந்த அம்புகள் சிறுக்காது, மங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 4 நானோ கூலூம் வேண்டுமென்றால் நான்கு சிவப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வோல்ட்/மீட்டரும் நியூட்டன்/கூலூமும் ஒன்றுதான் என்பதையும் பலகையில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். போனில் விரல் தடுமாறும். லேப்டாப்பில் திறந்து, மவுஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.