சோளச் சைலேஜ் பை வாங்குவோர் கவனத்துக்கு: வாயில் நல்லது, அடியில் அழுகல்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். முல்லேரியா, கடுவலைப் பக்கத்துப் பட்டிக்காரர் சிலர் கூட்டாக வாங்கிய 40 பை சோளச் சைலேஜில் (பச்சைச் சோளப் பயிரை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த தீவனம்) 29 பை மாட்டுக்கு வைக்கவே முடியாத சாமான். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், நாளை வேறொருவர் அதே வேலையைச் செய்தாலும் பிடித்துவிடலாம்.

வட்ஸ்அப்பில் வந்த படங்களில் எல்லாம் பச்சைக் கதிரோடு நிற்கும் சோளத் தோட்டம். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கினார்கள். லொறி வந்தது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, மழைத் தூறலில். "ஒவ்வொன்றும் 50 கிலோ" என்றார்கள், தராசு இல்லை. பையில் வெட்டிய தேதியோ கட்டிய தேதியோ இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பையின் வாயை அவிழ்த்துக் காட்டினார்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறம், நல்ல புளிப்பு வாசம், இடையிடையே சோள மணி. மீதிப் பணமும் கைமாறியது, லொறியும் போய்விட்டது.

விடிந்து பக்கவாட்டில் கிழித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் நல்ல சைலேஜ். அதற்குக் கீழே கோப்பித்தூள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கூழ். விரலால் தொட்டால் நூலாக இழுபட்டது. அந்த நாற்றம் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. பையின் அடியில் தேநீர்க் கோப்பையால் இரண்டு மூன்று தடவை அள்ளும் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். கதிர் என்று பெயருக்கும் ஒன்று இல்லை, வெறும் தண்டும் இலையும். போனில் கேட்டதற்கு வந்த பதில்: "சைலேஜ் என்றால் நாறத்தான் செய்யும், மாடு பழகிவிடும்."

இந்தப் பதில் பொய். சைலேஜுக்கு வாசம் உண்டு, நாற்றம் இல்லை. காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய பயிரில் லக்டிக் அமில பக்டீரியா வேலை செய்து சீனியை அமிலமாக்குகிறது. அதனால் பி.எச். அளவு (புளிப்பின் அளவு, புளிப்புக் கூடக் கூட இந்த எண் குறையும்) 4.2க்குக் கீழே இறங்கி, அழுக வைக்கும் கிருமிகள் அடங்குகின்றன. அப்படி ஊறிய சைலேஜ் தயிரும் பழமும் கலந்த மாதிரி மணக்கும். பயிர் மிகவும் ஈரமாக இருந்தாலோ, மண் கலந்திருந்தாலோ க்ளொஸ்ட்ரிடியம் என்ற கிருமி மேலோங்கி பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். கையை விட்டுப் போகாத அந்த நாற்றம் இதனுடையதுதான். அமோனியா மாதிரி மூக்கைக் குத்தினால் புரதம் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். கருகிய சீனி அல்லது புகையிலை மாதிரி மணம் வந்தால் பை உள்ளுக்குள் அதிகம் சூடேறியிருக்கிறது. அப்படிச் சூடேறினதை மாடு விரும்பித் தின்னும், ஆனால் அதிலுள்ள புரதம் மாட்டுக்குச் சேராது.

இந்தச் சரக்கு ஏன் இப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். அனுராதபுரம், மொனராகலை, அம்பாறைப் பக்கம் பெரும்போகத்தில் விளையும் சோளத்தில் கொஞ்சம் பச்சைக் கதிராக அவித்து விற்கப் போகும். கதிரை முறித்த பிறகு நிற்கும் தண்டை வெட்டி அடைத்தாலும் தோற்றத்தில் அது சைலேஜ்தான். ஆனால் சத்தில் பெரும்பங்கு கதிரில் இருக்கிறது. நல்ல சோளச் சைலேஜின் உலர் எடையில் (தண்ணீரை நீக்கிய எடை) மூன்றிலொரு பங்கு அளவுக்கு மணியே இருக்க வேண்டும். அதோடு பச்சைக் கதிர் முறிக்கும் பருவத்தில், அதாவது மணி பால் பிடிக்கும்போது, தண்டில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். சரியான பருவத்தை அறிய ஒரு கதிரை நடுவில் முறித்து மணியைப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் மாவுக்கோடு (மேலே கெட்டியான மாவும் கீழே பாலும் சந்திக்கும் கோடு) மணியின் பாதியைத் தாண்டி மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் பயிரில் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) நூற்றுக்கு 30 முதல் 35 வரை இருக்கும். வெட்ட வேண்டியது அப்போதுதான். முந்தினால் தண்ணீர் வடிந்து அழுகும். பிந்தினால் தண்டு காய்ந்து, மிதித்தாலும் இறுகாமல் காற்று தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 12 பைகளை நிறுத்துப் பார்த்ததில் 41 முதல் 46 கிலோ வரைதான் இருந்தது. உலர்பொருள் நூற்றுக்கு 21. அதாவது 43 கிலோ பையில் மாட்டுக்குப் போவது 9 கிலோ. சொன்னபடி 50 கிலோவும் நூற்றுக்கு 33 பங்கு உலர்பொருளும் இருந்திருந்தால் பதினாறரைக் கிலோ வந்திருக்கும். சரக்கு அழுகாமல் இருந்திருந்தாலும் கொடுத்த காசில் பாதிக்குக் கிட்ட தண்ணீருக்கும் குறைநிறைக்கும் போயிருக்கும். ஆகவே பைக்கணக்கில் விலை பேசவே வேண்டாம். தூக்குத் தராசில் நிறுத்து, கிலோக் கணக்கில் பேசுங்கள்.

உலர்பொருளை வீட்டிலேயே அளக்கலாம். பையின் நடுவிலிருந்து எடுத்த சைலேஜில் சரியாக 100 கிராமைச் சமையல் தராசில் நிறுத்து, மைக்ரோவேவில் ஒரு தட்டில் பரப்புங்கள். மூலையில் ஒரு குவளை தண்ணீர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். முதலில் மூன்று நிமிடம், பிறகு கிளறிக் கிளறி அரை நிமிடமாக, நிறை குறைவது நிற்கும்வரை. மிஞ்சிய கிராம் எவ்வளவோ அதுவே நூற்றுவீதம். லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கால் சொட்டினால் தண்ணீர் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்து, உள்ளங்கை ஈரமாக மட்டும் இருந்தால் சரி. உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

மணி இருக்கிறதா என்பதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு லீட்டர் கோப்பை நிறையச் சைலேஜை வாளியில் கொட்டிக் கலக்குங்கள். தண்டும் இலையும் மிதக்கும், மணி அடியில் தங்கும். மேலே மிதப்பதை அள்ளிவிட்டு அடியைப் பாருங்கள். நாங்கள் பார்த்த பைகளில் அடியில் தங்கியது மணல் மட்டுமே. மணி இருந்தாலும் முழுசாக இருக்கக்கூடாது, உடைந்திருக்க வேண்டும். முழு மணி சாணியில் அப்படியே வெளியே வந்துவிடும்.

ஆனால் எந்தச் சோதனையையும் பையின் வாயில் செய்யாதீர்கள். இந்த மோசடி முழுவதும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. ஒரு அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டரை அடி வெட்டி, ஒரு முனையை அரத்தால் கூராக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சோனகத் தெருவுக்குப் போகிற நாளில் ஹார்ட்வெயார் கடையில் ஒரு துண்டுக் குழாய் வாங்கினால் வேலை முடிந்தது. பையின் பக்கவாட்டில், பாதி உயரத்துக்குக் கீழே, திருகித் திருகிக் குத்தி எடுத்தால் உள்ளே இருப்பது அப்படியே குழாயில் வரும். பத்துப் பைக்கு ஒன்றாவது, நீங்கள் காட்டும் பையில் குத்த வேண்டும். விற்பவர் எடுத்துத் தரும் பையில் குத்திப் பயனில்லை. குத்திய ஓட்டையைத் துடைத்து உலர்த்தி, வெயில் தாங்கும் சைலேஜ் டேப்பால் உடனே ஒட்டுங்கள். குத்த விடமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். வந்த சாற்றில் பி.எச். தாளையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். 4.2க்குள் இருந்தால் நல்லது, 5ஐத் தாண்டினால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். கெட்ட பைகள் 5.3 காட்டின.

இன்னொரு அடையாளம் டேப். அந்தப் பைகள் பலவற்றில் கடைகளில் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஈரத்தில் அதன் பசை விடும். டேப்பைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் வட்டமாகப் படர்ந்திருந்தால் காற்று எப்போதோ உள்ளே போய்விட்டது. காற்றுப் பட்டதும் ஈஸ்ட் எழும்பி லக்டிக் அமிலத்தைத் தின்கிறது, பி.எச். ஏறுகிறது, பை சூடாகிறது, பிறகு பூஞ்சணம். கொழும்பு வெக்கையில் இதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா பாருங்கள். வெளிவெப்பத்தைவிடப் பத்துப் பாகை கூட இருந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கும் பை. சுற்றிக் கட்டிய உருளையாக வாங்குபவர்கள் பொலித்தீன் எத்தனை சுற்று என்று வெட்டிய இடத்தில் எண்ணுங்கள். நாலுக்குக் குறையக்கூடாது, நமது காலநிலைக்கு ஆறு நல்லது.

"பூஞ்சணத்தைத் தள்ளிவிட்டு மீதியை வை" என்றும் ஆலோசனை சொன்னார்கள். ஓர் ஓரத்தில் மட்டும் கட்டியாக இருந்தால், அதைச் சுற்றி ஒரு சாண் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பார்க்கலாம். பைக்குள் ஆங்காங்கே புள்ளியாகப் பரவியிருந்தால் முழுவதும் எறிய வேண்டும், சினைமாட்டுக்கும் கன்றுக்கும் வைக்கவே கூடாது. பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடொக்சின் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும். காய்ச்சினாலும் அது போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். ஆடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பி.எச். இறங்காத சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும். ஆடு ஒரே பக்கமாக வட்டமடிக்கும், ஒரு காது தொங்கும், ஒரு பக்க வாயால் எச்சில் வடியும், சினையாடு குறைமாதத்தில் குட்டியை வீசிவிடும். இதில் ஒன்றைக் கண்டாலும் சைலேஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். அடுத்த நாள்வரை பொறுக்கக்கூடாது. அந்த ஆட்டின் பாலைப் பச்சையாக யாரும் குடிக்கவும் வேண்டாம்.

நல்ல பை கிடைத்தாலும் வைக்கும் இடம் சரியில்லாவிட்டால் வீண்தான். நிழலில், தரையில் படாமல் மரப்பலகை மேல், வாய் கீழ்ப்பக்கமாக அடுக்குங்கள். உருளையென்றால் தட்டையான பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள், பொலித்தீன் தடிப்பாக இருப்பது அங்கேதான். கொழும்புக் காகம் பளபளக்கும் பொலித்தீனைக் கொத்தாமல் விடாது, ஆகவே மேலே பழைய மீன்வலை. எலிக்கு இடைவெளி விடாதீர்கள், வாரம் ஒருமுறை ஒவ்வொரு பையையும் தடவிப் பாருங்கள். திறந்த பையை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குப் பெரிய உருளை ஒத்துவராது. பால்மாடு ஒன்றுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ போதும், அந்த அளவுக்கும் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகத்தான் போக வேண்டும்.

இடம் இருப்பவர்கள் சொந்தமாகப் போடலாம். சி.ஓ. 3 என்ற தீவனப் புல்லை 45 நாளுக்குள் வெட்டி, மேலே சொன்ன பிழியும் சோதனை சரிவரும்வரை வாடவிட்டு, இரண்டு சென்றிமீற்றர் துண்டாக நறுக்குங்கள். புல்லில் சோளத்தைப் போலச் சீனி இல்லை, அதனால் 100 கிலோவுக்கு 3 முதல் 4 கிலோ கரும்புப் பாகுக்கழிவை அதே அளவு தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். உணவுப்பொருள் வந்த 200 லீட்டர் நீல பிளாஸ்டிக் பீப்பாயில் (இரசாயனம் வந்த பீப்பாய் வேண்டவே வேண்டாம்) அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் ஏறி மிதித்து, விளிம்புவரை நிரப்பி, வளையத்தால் இறுக்குங்கள். வெட்டிய அன்றைக்கே அல்லது மறுநாளுக்குள் மூடிவிட வேண்டும். 30 நாள் திறக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பையைத் தூக்கி எறியுமுன் கிழித்த நிலையில் படம் எடுங்கள், நிறுத்த தராசின் எண் தெரிய இன்னொரு படம், வட்ஸ்அப் உரையாடல், வங்கி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். இனி வாங்குபவர்கள் சரக்கு இறங்கும்போது பில்லிலேயே பையின் எண்ணிக்கை, நிறை, வெட்டிய தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை மூன்று நாள் கழித்துத்தான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுகியதைக் கால்வாயிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள், அந்தச் சாறு தண்ணீரிலுள்ள ஒட்சிசனை இழுத்து மீனைக் கொல்லும். உலர்ந்த சாணியும் வைக்கோலும் கலந்து குவித்தால் எருவாகிவிடும்.

அதே தோட்டத்துப் படங்கள் இந்த வாரம் வேறொரு தொலைபேசி எண்ணோடு மறுபடி சுற்றுகின்றன. கறுப்புப் பை, பழுப்பு டேப், தேதி இல்லை, "இரவில் கொண்டுவந்து இறக்கித் தருகிறோம்" என்ற வாக்கு. வத்தளை, ஹோமாகமைப் பக்கத்து ஆட்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.