வாக்கிங் ஃபுட்: பிள்ளைகளுக்குப் போர்வை தைக்க உதவும் ஒரு சிறு கருவி

வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்கென்று ஒட்டுத்துணிப் போர்வை தைக்க முற்படும்போது, துண்டுகளை வெட்டுவதிலோ அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதிலோ பெரிதாகச் சிரமப்படுவதில்லை. மேல்துணி, நடுவிரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி வைத்து ஒன்றாகத் தைக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இயந்திரத்தோடு வரும் சாதாரண ஃபுட், அதாவது ஊசியை ஒட்டி இருக்கும் பாதம், துணியை மேலிருந்து அழுத்துவதோடு சரி. நகர்த்தும் வேலையைச் செய்பவை ஊசித்தகட்டுக்குக் கீழே உள்ள பற்கள் மட்டுமே. ஆகவே அடித்துணி பற்களின் பிடியில் முன்னேறிச் செல்ல, மேல்துணி ஃபுட்டின் உரசலில் பின்தங்கி, போர்வையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு போய்ச் சேரும்போது மேலே துணி மிஞ்சி நிற்கிறது. அதைக் கையால் இழுத்துச் சரிக்கட்டினால் அடிப்புறத்தில் சுருக்கம் விழும்.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே விற்கப்படும் இணைப்பு வாக்கிங் ஃபுட். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இந்தக் கருவியின் அடிப்பக்கத்தில் அதற்கென்றே தனிப் பற்கள் உண்டு. பக்கவாட்டில் கவை போன்ற ஒரு கை நீண்டிருக்கும். ஊசியை இறுக்கிப் பிடிக்கும் திருகின் மேல் அந்தக் கவை பொருந்தி, ஊசிக்கம்பி ஏறி இறங்கும் அசைவை வாங்கிக்கொள்ள, மேற்பற்கள் துணியைப் பற்றுவதும் விடுவதுமாகக் கீழ்ப்பற்களோடு சேர்ந்து நகர்கின்றன. இதனால் மேலும் கீழும் ஒரே வேகத்தில் துணி போகிறது. நான் இணையத்தில் வாங்கியது அதிகம் அறியப்படாத ஒரு தயாரிப்பு. விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. இயந்திர நிறுவனங்கள் தம் பெயரிலேயே விற்கும் ஃபுட்டுகளுக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குள் இருந்த தாளில் படங்களைத் தவிர வேறு விளக்கம் இல்லை. சாதாரண ஃபுட்டை மட்டும் பிடுங்கி எடுத்தால் போதாது. அது கவ்விக்கொண்டிருக்கும் சிறு தண்டையும் திருகைக் கழற்றி அகற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் வாக்கிங் ஃபுட்டைப் பொருத்த வேண்டும். கவை ஊசித்திருகின் மேல் உட்காராமல் அதற்கு அடியில் தொங்கினால் மேற்பற்கள் அசையவே மாட்டா; கருவி வெறும் கனமான ஃபுட்டாக மட்டும் இருக்கும். மாட்டி முடித்ததும் மோட்டாரை மிதிக்காமல், கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி எங்கும் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இயந்திரம் ஜிக்-ஜாக் தையலுக்கு வைக்கப்பட்டிருக்கும்போது இந்தச் சோதனையை விட்டுவிட்டு மிதித்தால் ஊசி ஒடியக்கூடும்.

முதலில் தைத்தது மகளுக்கான போர்வை. என் அம்மா உடுத்திக் கிழிந்துபோன இரண்டு மதுரைச் சுங்குடிச் சேலைகளில் நைந்த பகுதிகளை விலக்கி, நல்ல பகுதிகளிலிருந்து ஐந்து அங்குலச் சதுரங்கள் வெட்டி, ஈரோடு கனி மார்க்கெட்டில் எடுத்த பாப்ளின் கட்பீஸ்களோடு மாற்றி மாற்றி இணைத்தேன். பல ஆண்டுகள் துவைபட்ட சுங்குடி மெலிந்து, கை பட்டாலே நெளியும் தன்மை கொண்டது. சாதாரண ஃபுட்டுக்கு இதைப்போல் பகையான துணி வேறில்லை. சதுரங்களின் பின்புறம் மெல்லிய பேப்பர் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிய பிறகே அவை அளவு மாறாமல் நின்றன. அடித்துணிக்கு ஒரே அகலத்தில் மூட்டு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போர்வையை நாற்பது அங்குல அகலம், அறுபது அங்குல நீளம் என்று வைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணி இதற்குத் தாராளமாகப் போதும்.

நடுவிரிப்பு பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலியெஸ்டர் வாடிங் இலேசானது, துவைத்தாலும் கட்டிதட்டாது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு, ஏசி இல்லாத அறையில், அதைப் போர்த்திக்கொண்டு எந்தப் பிள்ளையும் உறங்காது. இலவம்பஞ்சு தலையணைக்கு உகந்ததே தவிர, அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு ஆகாது. ஆகையால் நான் பழைய சென்னிமலைப் பருத்திப் போர்வை ஒன்றையே நடுவில் வைத்தேன். மூன்று அடுக்கும் பருத்தி என்பதால் காற்றோட்டம் இருக்கிறது, கனமும் அளவாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, தைப்பதற்கு முன்பே எல்லாத் துணிகளையும் நனைத்துத் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். சுங்குடியைத் தனியாக, அலசும் நீரில் சாயம் இறங்காத வரை அலச வேண்டும்.

அடுக்குகளைத் தரையில் விரித்து, நான்கு விரல் இடைவெளியில் ஊக்குகள் குத்தி, ஓரங்களில் கச்சாத் தையல் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைக்கத் தொடங்கினேன். பதினான்காம் எண் ஊசிக்குச் சென்னிமலைப் போர்வையின் தடிமன் சற்றே அதிகமாகப் பட்டதால் பதினாறுக்கு மாற்றினேன். தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு உயர்த்தினேன். கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தன. போர்வையைத் திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் ஒரு மடிப்புக்கூட இல்லை. நான்கு சதுரங்கள் கூடும் மூட்டுகளிலும், அதாவது உள்ளே மடிந்த தையல் வெட்டுகள் சேர்ந்து தடித்திருக்கும் இடங்களிலும், ஊசி தயங்காமல் ஏறி இறங்கியது. கருவியோடு தந்திருக்கும் வழிகாட்டிக் கம்பியை முந்தைய கோட்டின் மேல் ஓடவிட்டால், சாக்பீஸால் ஒவ்வொரு கோடும் வரைந்துகொள்ளும் வேலையும் மிச்சம்.

மகனுக்குத் தைத்தது ஏழுக்கு ஏழு கட்டத் தாயவிரிப்பு. இந்தக் கருவிக்கென்றே பிறந்த வேலை என்று அதைச் சொல்லலாம்: எல்லாமே நேர்க்கோடு, மலை எனப்படும் கட்டங்களுக்கு மட்டும் மூலைக்கு மூலை இரண்டு கோடு. விடுமுறையில் உறவினர் பிள்ளைகள் கூடினால் தரையில் சாக்பீஸ் கட்டம் வரைந்து துடைக்கும் தொல்லை இல்லை, சுருட்டிக் கட்டி வைத்துவிடலாம். பென்சில் பை, சாப்பாட்டுப் பை ஆகியவற்றையும் தைத்தேன். அவற்றுக்கு இந்த ஃபுட் அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஜிப் வைக்கும் இடத்தில் எப்படியும் ஜிப்புக்கான ஃபுட்டையே மாட்ட வேண்டியிருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது சத்தம். கவை ஒவ்வொரு தையலுக்கும் தட்டிக்கொண்டே இருப்பதால், பிள்ளைகள் உறங்கிய பிறகு இரகசியமாகப் பரிசு தைக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, மெஷினுக்கு இருமல் வந்திருச்சா?” என்று கேட்டார். இரண்டாவது, அதே அதிர்வில் ஊசித்திருகு மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் அதை ஒருமுறை இறுக்கிவிட்டால் தொல்லையில்லை. மூன்றாவது, வழிகாட்டிக் கம்பியைப் பிடிக்கும் தகடு இளகலாக இருப்பதால் நீண்ட கோடுகளில் கம்பி நகர்ந்துவிடுகிறது. கவை பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் எத்தனை காலம் உழைக்கும் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. வேகமாக மிதிக்கக் கூடாது; மிதமான வேகத்தில்தான் மேற்பற்கள் கீழ்ப்பற்களோடு ஒத்துப்போகின்றன.

இவற்றைவிட முக்கியமாக, இந்தக் கருவியால் ஆகாத வேலைகள் சில உண்டு. நேர்க்கோட்டுக்கும் இலேசான வளைவுக்கும் மட்டுமே இது பொருந்தும். பூ, கொடி, பிள்ளையின் பெயர் என்று துணியை எல்லாத் திசைகளிலும் நகர்த்தித் தைக்க விரும்புபவர்கள், கீழ்ப்பற்களை இறக்கிவிட்டு எம்பிராய்டரிக்கான ஃபுட்டைத்தான் மாட்ட வேண்டும். பின்னோக்கித் தைத்து முடிச்சிடுவதும் இதில் சரிவராது. நூல் முனைகளைக் கையூசியால் உள்ளே இழுத்துவிடுவதே சுத்தமாக இருக்கிறது. ஓரத்துக்குக் கிராஸ் பட்டி (துணியைக் குறுக்காக வெட்டிய பட்டி) வைக்கும்போது முதல் தையலுக்கு இது நன்றாகவே உதவியது, ஆனால் பட்டியைத் திருப்பி மடித்து முடிக்கும் தையலைக் கையாலேயே போட்டேன். மூலைகள் அப்படித்தான் படிந்து நிற்கின்றன.

வாங்குவதற்கு முன் இயந்திரத்தின் தண்டு அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். உஷா ஜானோம், சிங்கர், பிரதர் ஆகியவற்றின் வீட்டு உபயோக மின் இயந்திரங்களில் பெரும்பாலானவை லோ ஷாங்க் எனப்படும் தாழ்ந்த தண்டு உடையவை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வாக்கிங் ஃபுட்டுகளும் அந்த அமைப்புக்கே செய்யப்படுகின்றன. தையற்கடைகளில் ஓடும் ஜூக்கி வகைப் பவர் மெஷின்களுக்கு இது பொருந்தாது. மோட்டார் மாட்டிய பழைய கறுப்பு மெஷின் வைத்திருப்பவர்கள், அதன் ஃபுட்டைக் கழற்றி உதிரிபாகக் கடைக்கு எடுத்துச்சென்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. எனக்கு விற்றவர், பொருந்தாவிட்டால் திரும்பப் பெறுவதாக இணைய விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தாலும், வழிகாட்டிக் கம்பியின் தளர்வு பற்றி நான் அனுப்பிய செய்திக்கு இதுவரை பதில் தரவில்லை.

கைக்குழந்தைக்குப் பரிசாகத் தைக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் போர்வை, தலையணை போன்ற தளர்வான விரிப்புகளை வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. அவ்வயதுப் பிள்ளைக்கு இதையே தரையில் விரித்துக் கவிழ்ந்து தவழும் விரிப்பாகத் தைத்துக் கொடுக்கலாம். அதற்குச் சென்னிமலைப் போர்வையை இரட்டையாக மடித்து நடுவில் வைத்தாலும் இந்த ஃபுட் தாங்குகிறது. வருடத்துக்கு ஒரு போர்வையாவது தைக்கும் உத்தேசம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்; பைகளும் பொம்மைகளும் மட்டும் தைப்பவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.