ரெண்டு வருஷமா டெப்த் கேமராவுல சிலம்பம் புடிக்கிறேன், அந்த அனுபவம்

நான் மலேசியாவுல பட்டர்வொர்த் பக்கம், வேலை சாஃப்ட்வேர். 2023 நடுவுல செகண்ட் ஹேண்ட்ல ரியல்சென்ஸ் 'டி435 ஐ' மாடல் டெப்த் கேமரா ஒண்ணு வாங்கினேன், படத்தோட சேத்து தூரத்தையும் பதிவு பண்ற கேமரா, ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு. எதுக்குன்னா எங்க சிலம்ப ஆசானுக்கு அப்பவே 71 வயசு, அவர் போடுற காலடி வரிசைய யாரும் எங்கேயும் எழுதி வைக்கல. ஃபோன்ல புடிச்ச வீடியோ ஏகப்பட்டது கெடக்கு, ஆனா அதுல கால் எவ்வளவு முன்னுக்குப் போகுது, இடுப்பு எவ்வளவு எறங்குதுன்னு அளக்க முடியாது. கலரோட சேத்து தூரமும் பதிவாச்சுன்னா பின்னால வர்ற புள்ளைங்க அளந்தே கத்துக்கலாமேன்னு ஒரு ஆசை. அதுலேர்ந்து அனேகமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில பசியாறிட்டு காடியில கேமரா, ஸ்டாண்டு, லேப்டாப் எல்லாம் ஏத்திக்கிட்டு பிறைங்கிற ஊர்ல இருக்குற எங்க தகரக் கொட்டாய்க்குப் போறேன்.

இந்தக் கேமராவுல ரெண்டு இன்ஃப்ராரெட் கண்ணு 50 மில்லிமீட்டர் இடைவெளியில இருக்கு, நம்ம ரெண்டு கண்ணு மாதிரியே ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்த வச்சு தூரத்தக் கணக்குப் பண்ணும், கூடவே சின்னச் சின்ன இன்ஃப்ராரெட் புள்ளிங்கள எதிர்ல எறைக்கிற ஒரு ப்ரொஜெக்டரும் உண்டு, வெறும் செவுரு மாதிரி ஒண்ணுமில்லாத இடத்துலயும் புடிச்சுக்க ஏதாவது இருக்கணும்ல. வர்ற டெப்த் படத்துல ஒவ்வொரு பிக்சலும் ஒரு 16 பிட் நம்பர், அப்படியே மில்லிமீட்டர். 2450ன்னா 2.45 மீட்டர், அவ்வளவுதான். 0 வந்தா பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல, தெரியலன்னு அர்த்தம். சராசரி எடுக்கும்போது இந்த 0வ ஒதுக்காம விட்டா ஆளு கேமராவுக்குள்ள நடந்து வந்த மாதிரி கணக்கு வரும்.

இப்ப நான் சொல்ல வந்த பெரிய விஷயம். மொத மூணு மாசம், ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும், நான் புடிச்சதெல்லாம் வீண். பைதான்ல எழுதுற எல்லாரும் மொதல்ல பாக்குற உதாரண ப்ரோக்ராம்ல டெப்த்த 0.03ஆல பெருக்கி 8 பிட்டுக்கு, அதாவது 0லேர்ந்து 255க்குள்ள எறக்கி நீலம் செவப்புன்னு கலர் பூசி ஸ்க்ரீன்ல காட்டுவாங்க. அது கண்ணால பாக்குறதுக்கு. நான் என்ன பண்ணேன், பாக்க அழகா இருக்கேன்னு அதையே எம்பி4 வீடியோவா சேவ் பண்ணிட்டேன். யோசிச்சுப் பாருங்க, 0.03ஆல பெருக்கினா ஒரு படிக்கு 33 மில்லிமீட்டர், ஆசான் காலை மூணு சென்டிமீட்டர் நகத்தினாலும் கலர் மாறாது, அதுக்கு மேல வீடியோ கம்ப்ரெஷன் வேற பக்கத்துப் பக்கத்துக் கலர எல்லாம் கொழைச்சு விட்டுடும். அதுலேர்ந்து மில்லிமீட்டர திருப்பி எடுக்க வழியே இல்ல. அந்த மூணு மாசத்துலதான் ஆசான் உக்காந்து எழும்புற அடியெல்லாம் முழுசாப் போட்டாரு. தீபாவளி முடிஞ்சு அவருக்கு முட்டி வீங்கிப் போச்சு, டாக்டரு இனிமே குத்துக்கால் போடக்கூடாதுன்னுட்டாரு. வேற யாரும் இதே தப்ப பண்ணக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

டெப்த்த வந்த மாதிரியே வைங்க. ஒண்ணு கேமராவோட வர்ற எஸ்டிகே-ல (ப்ரோக்ராம் எழுதுறதுக்கான சாஃப்ட்வேர்) இருக்குற .bag ஃபைலா ரெக்கார்ட் பண்ணுங்க, இல்லன்னா ஒவ்வொரு ஃப்ரேமையும் 16 பிட் பிஎன்ஜியா எழுதுங்க. ஜேபெக் வேணவே வேணாம். எடம் நெறைய தின்னும், அது உண்மை. 848க்கு 480ல டெப்த் ஒரு ஃப்ரேம் 814,080 பைட், வினாடிக்கு 30ன்னா 24 மெகாபைட்டுக்கு மேல, அதே அளவுல கலரையும் அழுத்தாம வச்சா அது ஒரு 36, மொத்தம் நிமிஷத்துக்கு மூணரை ஜிகாபைட் தாண்டும். அதுக்குன்னே ஒரு எஸ்எஸ்டி வாங்கிட்டேன், வருத்தமே இல்ல.

ஃபில்டர் எல்லாம் ரெக்கார்ட் பண்ணும்போது போடாதீங்க. முந்தின ஃப்ரேம்ங்களோட கலந்து சமப்படுத்துற டெம்பரல் ஃபில்டர் போட்டா அசையாத பொருள் நல்லா வழவழன்னு வரும், ஆனா கம்பு சுத்தும்போது அது போன வழியெல்லாம் பேய் மாதிரி வாலு நிக்கும், ஹோல் ஃபில்லிங்கிற ஃபில்டர் அளவு கெடைக்காத எடத்துல பக்கத்து நம்பர எடுத்து ரொப்பிடும், அப்புறம் எது அளந்தது எது ரொப்பினதுன்னு தெரியாது. வீட்டுக்கு வந்து ஃபைலோட காப்பியில போட்டுப் பாத்துக்கலாம். அலைன், அதாவது டெப்த் படத்தையும் கலர் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்துறது, அதுவும் அதே கதைதான். டெப்த்துக்கு பார்வை அகலம் 87 டிகிரி, கலருக்கு 69தான், கலருக்கு ஏத்த மாதிரி டெப்த்த அலைன் பண்ணி சேவ் பண்ணா ரெண்டு ஓரமும் வெட்டுப் பட்டுப் போகும், நம்ம விளையாட்டுல கம்பு நுனி இருக்குறதே அந்த ஓரத்துலதான். அதனால ரெண்டையும் தனித்தனியா வச்சுட்டு, இன்ட்ரின்சிக்ஸ் (லென்ஸோட அளவுங்க) எக்ஸ்ட்ரின்சிக்ஸ் (ஒரு சென்சாருக்கு இன்னொண்ணு எங்க இருக்குங்கிறது) நம்பர்ங்கள ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்குங்க, எப்ப வேணும்னாலும் அலைன் பண்ணிக்கலாம்.

கம்பப் பத்தி சொன்னதால இன்னொண்ணு. வீச்சு வேகமானா கலர் வீடியோவுல நேரான பிரம்பு வில்லு மாதிரி வளைஞ்சு தெரியும், அதே நொடியில இன்ஃப்ராரெட் படத்துல நேரா இருக்கும். டி435ல டெப்த் சென்சார் குளோபல் ஷட்டர், முழுப் படத்தையும் ஒரே நேரத்துல புடிக்கும், கலர் சென்சார் ரோலிங் ஷட்டர், வரி வரியா புடிக்கும், அதான் காரணம். வேகமா ஓடுற பொருளுக்கு ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பொருந்தவே பொருந்தாது, நான் ஒரு வாரம் முழுக்க என் அலைன் கோட்லதான் தப்புன்னு தேடிக்கிட்டு இருந்தேன். டி455ல கலரும் குளோபல் ஷட்டர், இடைவெளியும் 95 மில்லிமீட்டர், இன்னிக்கு வாங்குறதா இருந்தா அதத்தான் வாங்குவேன். இன்னொரு பக்கம் கம்பு ரொம்ப மெலிசு, மூணு மீட்டர்ல நாலு பிக்சல் தேறுறதே கஷ்டம், டெப்த்துல துண்டு துண்டாத்தான் வரும். கம்புக்கு இந்தக் கேமரா சரிப்படாது, ஒடம்புக்கும் காலுக்கும் நல்லா சரிப்படும்.

ப்ரோக்ராம்ல என்னைய ரொம்ப நாள் சுத்த விட்டது, ரெக்கார்ட் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே 5000 மில்லிசெகண்டுக்குள்ள ஃப்ரேம் வரலன்னு எரர் வந்து நின்னு போறது. நான் ஃப்ரேம்ங்கள அப்படியே ஒரு லிஸ்ட்ல சேத்து வச்சிருந்தேன், நம்பை (NumPy) அர்ரேவா, அதாவது பைதான்ல நம்பர் பட்டியலா மாத்தினாலும் அது காப்பி இல்ல, எஸ்டிகே வச்சிருக்குற அதே மெமரியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும், பத்து பதினஞ்சு ஃப்ரேம இப்படி புடிச்சு வச்சா அதுக்குப் புது ஃப்ரேம் எழுத எடம் இருக்காது. ஒவ்வொரு ஃப்ரேமையும் நகல் எடுத்து வைக்கிற ஒரே ஒரு வரி சேத்தேன், சரியாப் போச்சு. ஃபைல்ல எழுதுற வேலைய தனி த்ரெட்ல, கூடவே தனியா ஓடுற மாதிரி விட்டேன், ஏன்னா பிஎன்ஜி அழுத்துறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள அடுத்த ஃப்ரேம் தவறிடும். ஃப்ரேம் நம்பரையும் டைம்ஸ்டாம்பையும் கூடவே எழுதி வச்சா எங்க தவறுச்சுன்னு பின்னால தெரியும். அப்புறம் கேபிள். நீளமா வேணும்னு ஒரு கடையில மூணு மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டேன், கேமரா யூஎஸ்பி 2.1ன்னு காட்டுச்சு, நான் கேட்ட ரெசொல்யூஷனே கெடைக்கல. லேப்டாப்ப கிட்ட வச்சுட்டு ஒரு மீட்டர் கேபிளோட இருக்குறதுதான் நிம்மதி.

வெளிச்சம்தான் நம்ம ஊருல தனிப் பாடு. ட்யூப் லைட்டுக்குக் கீழ கலர்ல பட்டை பட்டையா ஓடுச்சு, பவர் லைன் ஃப்ரீக்வென்சிங்கிற செட்டிங் என் கேமராவுல 60ல இருந்துச்சு, இங்க கரண்டு 50 ஹெர்ட்ஸ், மாத்தினதும் போயிடுச்சு. கொஞ்சம் இருட்டினா கலர் 30லேர்ந்து 15க்கு எறங்கிடும், ஆட்டோ எக்ஸ்போஷர் ப்ரையாரிட்டிய அணைச்சா எறங்காது, படம் கொஞ்சம் மங்கும், பரவால்ல. வெயில் சாய்ஞ்சு கொட்டாய்க்குள்ள வந்தா ப்ரொஜெக்டர் புள்ளிங்க மறைஞ்சிடும், ஆனா சிமெண்ட் தரை சொரசொரன்னு இருக்குறதால தரைக்கு ஒண்ணும் ஆகல, வெயில் பட்ட வெள்ளை வேட்டிதான் ஓட்டை ஓட்டையா போச்சு. அதுக்கு எக்ஸ்போஷர கையால கொறைச்சேன். ஒரு தடவ மண்டபத்துல டைல்ஸ் தரையில புடிச்சோம், லைட்டு தரையில மின்னின எடத்துலயெல்லாம் தரைக்குக் கீழ ஒரு மீட்டர் பள்ளம் இருக்குற மாதிரி வந்துச்சு. மேட் விரிச்சு ஆட விட்டோம்.

துல்லியம் எப்படின்னு கேட்டா, தூரம் ரெண்டு மடங்கானா தப்பு நாலு மடங்காகும். என் கேமராவுல 2 மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் சொச்சம் ஆடுது, 4 மீட்டர்ல அஞ்சாறு சென்டிமீட்டர். அதனால ஆசான ரெண்டரை மீட்டர்ல நிக்க வைக்கிறேன். ஐ மாடல்ல இருக்குற ஆக்சிலரோமீட்டர் எனக்கு ரொம்ப ஒத்தாசை, கேமரா எவ்வளவு சாஞ்சு இருக்குன்னு அதுலேர்ந்து தெரியுது, அத வச்சு தரைய மட்டமாக்கினாத்தான் இடுப்பு ஒசரம் தரையிலேர்ந்து எவ்வளவுன்னு சொல்ல முடியும். ரியல்சென்ஸ் 2025 ஜூலைல இன்டெல்லேர்ந்து பிரிஞ்சு தனிக் கம்பெனியாச்சு, என் பழைய கேமராவும் பழைய கோடும் அப்படியே ஓடுது.

போன மாசம் ஆசான் என் பக்கத்துல உக்காந்து லேப்டாப்பப் பாத்தாரு. சலாம் வரிசையில ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு முழம்னு எப்பவும் சொல்லுவாரு, ஆறு வாரத்துப் பதிவ எடுத்துக் காட்டினேன், 46, 47, 46 சென்டிமீட்டர்னே வந்துச்சு. தன் கைய மடக்கி முழங்கைலேர்ந்து நடுவிரல் வரைக்கும் அளக்கச் சொன்னாரு, 46. அப்புறம், "தம்பி, அந்த உக்காந்து எழும்புற அடி எவ்வளவு எறங்கினேன், அதப் பாரு"ன்னாரு. எங்கிட்ட இருந்தது அந்தக் கலர் வீடியோதான். "ஆசான், அதுல அளவு இல்ல, நான் சரியா எடுக்கல"ன்னு சொன்னேன். அவர் அந்த வீடியோவ மூணு தடவ போட்டுப் பாத்தாரு. அப்புறம் சீனியர் பையன் ஒருத்தனக் கூப்பிட்டு கேமரா முன்னால நிக்க வச்சாரு, தான் நாற்காலியில உக்காந்துக்கிட்டு கம்பு நுனியால அவன் இடுப்பத் தொட்டு "எறங்கு, இன்னும் எறங்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அவர் "போதும்"னு சொன்ன எடத்துல ஃப்ரேம் நம்பரக் குறிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா தரையிலேர்ந்து 52 சென்டிமீட்டர்.