பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரில் ஆயில் பம்பும் புகையும்: பல பருவங்களின் அனுபவம்

1990களின் தொடக்கத்தில் தயாரான, மூன்று சிலிண்டரும் 50 குதிரைத்திறனும் கொண்ட ஒரு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே பொருத்தும் எஞ்சின்) கனடாவில் ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் பல பருவங்களாக ஓட்டி வருகிறேன். பெட்ரோலில் ஆயிலைக் கையால் கலக்கத் தேவையில்லாத வகை அது. மேல்மூடிக்குள் இருக்கும் தனி டாங்கிலிருந்து வரும் ஆயிலை, கிராங்க் தண்டின் பல்சக்கரத்தால் சுழலும் ஒரு சிறு பம்ப் மூன்று மெல்லிய குழாய்களின் வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் உள்ளிழுப்பு வழிக்கும் அனுப்புகிறது. பம்பின் நெம்புகோல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், முழு வேகத்தில் ஏறத்தாழ 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயிலும், மெதுவாக ஓடும்போது 100 பங்குக்கு 1 பங்கு அல்லது அதனினும் குறைவாகவும் போய்ச் சேரும்.

இத்தகைய மோட்டார் புகைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் புகை எப்போது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். குளிர்காலத்துக்கு முன் சிலிண்டர்களுக்குள் தெளித்து வைத்த பாதுகாப்பு எண்ணெய், வசந்தத்தில் முதல்முறை கிளப்பும்போது எரிந்து தீரும்வரை அடர்ந்த புகையைக் கக்கும். அதில் பழுது எதுவும் இல்லை. வீட்டு முற்றத்தில் குழாய்நீர் கொடுத்து ஓட்டும்போதும் புகை மிகையாகத் தெரியும். ஏரியில் ப்ரொப்பெல்லரின் நடுவழியாக நீருக்குள் இறங்கிவிடும் புகை, முற்றத்தில் நேராகக் காற்றில் கலப்பதே அதற்குக் காரணம்.

என் மோட்டாரில் வந்த கோளாறு வேறு விதமானது. ஓரிரு நாள் இடைவெளியில் கிளப்பினால் இயல்பாக இருக்கும். இரண்டு வாரம் சும்மா நின்றபின் கிளப்பினால் நீலம் கலந்த வெண்புகை நெடுநேரம் அடங்காது, கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஈரமாகக் கறுத்திருக்கும். பம்ப் அளவுக்கு மிஞ்சி ஆயில் அனுப்புகிறது என்றால் ஓட்டத்திலும் அந்தப் புகை தொடர வேண்டும், தொடரவில்லை. ஆகவே டாங்கில் ஆயில் மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு மோட்டாரை நிறுத்தி வைத்தேன். ஓடாமலேயே மட்டம் இறங்கியிருந்தது. மூடிக்குள் எங்கும் கசிவு இல்லை. ஆயில் உள்ளேதான் போயிருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆயில் குழாயின் முடிவிலும் ஒருவழியாக மட்டும் திறக்கும் ஒரு சிறிய செக் வால்வு இருக்கிறது. பம்பின் அழுத்தத்துக்கு மட்டுமே திறக்க வேண்டிய அதன் ஸ்பிரிங் வயதில் தளர்ந்துவிட்டால், மேலே இருக்கும் டாங்கின் ஆயில் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கித் தேங்கும். ஒரு வால்வுதான் மோசம் என்றாலும் மூன்றையும், அவற்றோடு கடினமாகிப் போன குழாய்களையும் மாற்றுவதே முறை. குழாய்களைக் கழற்றியதால் பம்பில் காற்று புகுந்திருக்கும். அதன் திருகைத் தளர்த்திக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும், முதல் டாங்க் பெட்ரோலில் 50க்கு 1 என ஆயிலைக் கலந்தே ஓட்டினேன். அந்த ஒரு டாங்க் தீரும்வரை புகை கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது எத்தனை வாரம் நின்றாலும் கிளப்பிய சிறிது நேரத்தில் புகை அடங்கிவிடுகிறது.

எல்லா வேகத்திலும் புகைக்கும் மோட்டாருக்கு வேறு சோதனை உண்டு. முதலில் கார்புரேட்டர்களைச் சமப்படுத்தி, அதன் பிறகே பம்பின் நெம்புகோலிலுள்ள குறியும் பம்பின் உடலிலுள்ள குறியும் நேர்ப்படும்படி இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகும் ஐயம் இருந்தால், ஆயில் கலந்த பெட்ரோலில் மோட்டாரை ஓட்டிக்கொண்டே பம்பின் வெளியேற்றக் குழாய்களை அளவுக் குப்பியில் விட்டு, குறித்த வேகத்தில் குறித்த நேரத்தில் சேரும் ஆயிலை சர்வீஸ் கையேட்டின் அளவோடு ஒப்பிடலாம். ஒரே சிலிண்டர் மட்டும் புகைத்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வைப் பார்க்கவும்; அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஒரு சிலிண்டரின் கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள்) போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொள்வதும் இந்த ஏரியில் சாதாரணம்: குளிர்ந்த நீரில் எஞ்சின் சூடேறாமல், ஆயில் சரியாக எரியாமல், தூண்டிலை இழுத்தபடி மெதுவாகப் போகும் நேரமெல்லாம் புகைக்கும். ஆயிலைப் பொறுத்தவரை, நீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) சான்று பெற்றதை மட்டுமே ஊற்றுகிறேன். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளுக்கான ஆயில், நீரால் குளிரும் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

பம்ப் பழுதானால் எஞ்சினே கெட்டுவிடும் என்று அஞ்சி, பம்பையே கழற்றிவிட்டுக் கையால் கலந்து ஓட்டுமாறு பலர் அறிவுரை சொல்கிறார்கள். புகையைக் குறைக்க அது வழியல்ல. கலந்த பெட்ரோலில் விகிதம் எப்போதும் 50க்கு 1தான். மெதுவாக ஓடும்போது பம்ப் கொடுத்ததைப் போல இரு மடங்கு ஆயில் போகும், புகையும் ஏரியின் மேல் படரும் எண்ணெய்ப் படலமும் கூடும்.

அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருப்பது வேறோர் இடத்தில். இந்த மோட்டாரின் எச்சரிக்கை மணி டாங்கில் ஆயில் குறைந்தால் ஒலிக்குமே தவிர, ஆயில் எஞ்சினுக்குப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து நின்றுவிட்டால் டாங்க் நிரம்பியே இருக்கும், மணி ஒலிக்காது, வழக்கமான புகை மட்டும் மெல்ல மறையும். அடுத்து பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் புகை வழக்கத்தைவிடக் குறைந்தால்தான் நான் உடனே மூடியைத் திறக்கிறேன். 50 லிட்டர் பெட்ரோல் செலவானால் ஆயில் அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் இடையில் இறங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கைப் படகிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதே வகை மோட்டாரை வாங்க நினைப்பவர்கள், விலை பேசுவதற்கு முன் ஆயில் டாங்கின் மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்து மறுபடியும் அதைப் பார்க்க வேண்டும்.