புளியரை ரோட்டு நர்சரி: செடி நல்ல செடி, மருந்துதான் தொல்லை

செங்கோட்டையில் இருந்து புளியரை போகிற ரோட்டில், ஆரியங்காவு ஏற்றத்துக்கு முன்னாலேயே இருக்கிற நர்சரி. பூவுக்காக மட்டும் போனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் நல்ல வேரோடு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கேட்கிற விலையை விடக் குறைவாகக் கிடைக்கின்றன.

வண்ணத்துப்பூச்சிக்காகச் செடி தேடுகிறவர்களுக்குக் கதை வேறு. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும், ஆனால் முட்டை வைக்க அதனதன் செடி வேண்டும்: எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சையோ கறிவேப்பிலையோ, வெந்தய வரியனுக்கு எருக்கு, சிவப்புடல் அழகிக்கு ஈஸ்வரமூலிக் கொடி. மற்ற கடைகளில் பெயரைச் சொன்னாலே முழிக்கிற ஈஸ்வரமூலி இங்கே பை பையாக இருந்ததைப் பார்த்து எனக்கு வாயெல்லாம் பல். இறக்கை விரித்தால் 14 முதல் 19 செ.மீ. வரை வருகிற, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சதர்ன் பேர்ட்விங் (Southern Birdwing) என்கிற கறுப்பு-மஞ்சள் பெரிய வண்ணத்துப்பூச்சியும் இந்தக் கொடியில் முட்டை வைக்கும், மலையை ஒட்டி வீடு இருந்தால் நம்பி நடலாம்.

அப்புறம் அங்கே வாங்கிய கறிவேப்பிலைக் கன்று. வீட்டில் நட்டதும் வண்ணத்துப்பூச்சி முட்டை வைத்தது, புழு வந்தது, வந்த வேகத்தில் சுருண்டு விழுந்தது. போய்க் கேட்டால், “புழு வரக்கூடாதுன்னுதானே அண்ணாச்சி மருந்தடிக்கோம்” என்கிறார் நர்சரிக்காரர் பெருமையாக! சரி, அவர் வியாபாரம் அது. மருந்து படாத கன்று பின்பக்கம் தனியாக வைத்திருக்கிறார்கள், கேட்டால் மட்டும் தருவார்கள், இலை கொஞ்சம் ஓட்டையாக இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சாரல் சீசனில் ஞாயிற்றுக்கிழமை போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.